ஹோலோடைப்: ஒரு மீன், ஒரு பெயர்

ஆற்றில் புதிதாக ஒரு சிறு மீனைக் கண்டுபிடித்தார்கள் என்று செய்தி வந்தால், அதற்குப் பின்னால் ஓர் ஆய்வுக் கட்டுரை இருக்கும். அதைத் திறந்து பார்த்தால், புதிய லத்தீன் பெயருக்குக் கீழே முதல் ஆளாக நிற்பது 'ஹோலோடைப்' என்ற சொல். பக்கத்திலேயே ஓர் அருங்காட்சியகப் பதிவு எண், மில்லிமீட்டரில் ஒரு நீளம், பிடிபட்ட ஆறு, நாள், பிடித்தவர் பெயர். நிறம், துடுப்பு, செதில் பற்றிய வர்ணனையெல்லாம் பொதுவாக அதற்குப் பிறகுதான். செய்தி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாதவர்கள் 'மாதிரி மீன்' என்று எழுதிவிட்டு நகர்கிறார்கள். இரண்டுமே நட்டம்தான்.

பொருளை முதலில் சொல்லிவிடலாம். ஒரு சிற்றினத்துக்கு முதன்முதலாகப் பெயர் வைக்கும்போது, அந்தப் பெயருக்கு ஆதாரமாகக் குறிப்பிட்டுவைக்கும் ஒரே ஓர் உயிரி உடல்தான் ஹோலோடைப். நூறு மீன் பிடித்திருந்தாலும் ஹோலோடைப் ஒன்றுதான். அது இனி ஏதோ ஓர் அருங்காட்சியகத்தில், சாராயம் நிறைந்த கண்ணாடிக் குடுவையில், துண்டுச் சீட்டோடு இருக்கும். பிற்காலத்தில் 'இந்தப் பெயர் எந்த மீனைக் குறிக்கிறது?' என்று சண்டை வந்தால், வர்ணனையை விட, படத்தை விட, பெயர் வைத்தவரின் வாய்மொழியை விட அந்த ஒரு மீனுக்குத்தான் மதிப்பு அதிகம்.

சொல் பிறந்த கதை சுருக்கமானது. 'ஹோலோஸ்' என்றால் கிரேக்கத்தில் 'முழுமையான'. ஹோலோகிராமில் வருவதும் இதே ஹோலோஸ்தான். 'டைப்' என்பது 'டுபோஸ்' என்ற சொல்லின் வழி வந்தது; அடித்துப் பதித்த தடம் என்று பொருள். நாணயத்தில் முத்திரை அடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நம் 'அச்சு' கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிற சொல். இடைக்காலக் கல்வெட்டுகளில் அச்சு என்பது நாணயத்தின் பெயராகவே வருகிறது; அச்செழுத்து, வார்ப்பு அச்சு, 'அப்பனை அச்சு அசலா உரிச்சு வச்சிருக்கான்' எல்லாம் அந்த வழிதான்.

இரண்டையும் ஒட்டி ஹோலோடைப் என்று 1897-இல் எழுதியவர் சார்லஸ் ஷூகர்ட் என்ற அமெரிக்கத் தொல்லுயிர் ஆய்வாளர். அதற்கு முன்பு எல்லாவற்றுக்கும் 'டைப்' என்ற ஒரே சொல்தான். ஆளாளுக்கு ஒரு பொருளில் பயன்படுத்தினார்கள். ஒருவர் தான் முதலில் பார்த்ததை டைப் என்பார். இன்னொருவர் அதே ஊரில் அப்புறம் பிடித்ததையும் டைப் என்று சீட்டு ஒட்டிவிடுவார். இந்தக் குழப்பம் தாங்காமல்தான் 1893-இல் லண்டனில் ஓல்ட்ஃபீல்ட் தாமஸ் பாராடைப் (ஆதார உடலோடு சேர்த்துக் குறிப்பிடும் மற்ற உடல்கள்) முதலிய சொற்களை வகுத்தார். நான்கு வருடம் கழித்து ஷூகர்ட் ஹோலோடைப்பைச் சேர்த்தார். பெயருக்கான ஆதாரம் முழுவதும் இந்த ஒன்றின்மேல்தான் என்பதே அவருடைய 'ஹோலோஸ்'. உடல் முழுசாக இருக்க வேண்டும் என்ற பொருள் அதில் இல்லை. வெறும் பல்லோ எலும்புத் துண்டோகூட ஹோலோடைப் ஆகலாம். தொல்லுயிர் ஆய்வில் பாதிக்கதை அப்படித்தான்.

இன்று இது கட்டாயம். விலங்கியல் பெயரிடலுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, 1999-க்குப் பிறகு வெளியாகும் ஒரு புதிய சிற்றினப் பெயர் செல்லவேண்டுமானால், எது ஹோலோடைப் என்று கட்டுரையிலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்பட்டிருக்கிறது அல்லது வைக்கப்படும், அந்தச் சேகரிப்பு எங்கே இருக்கிறது என்றும் எழுத வேண்டும். ஒன்றுக்குப் பதில் சில உடல்களைச் சேர்த்துக் குறிப்பிடவும் விதியில் இடம் உண்டு, ஆனால் மீன் ஆய்வாளர்கள் இப்போது பெரும்பாலும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பார்கள்? பிடித்த மீன்களில் துடுப்பு கிழியாத, செதில் உதிராத, முழுவளர்ச்சி அடைந்த ஒன்றைப் பொறுக்கி எடுப்பார்கள். விரல்நீளச் சிறு மீனில் இது லேசான வேலை இல்லை. வலையில் மாட்டி இழுபடும்போதே பாதி மீன்களுக்குச் செதில் போய்விடும். உயிரோடு இருக்கும்போதே சிறு கண்ணாடித் தொட்டியில் விட்டுப் படம் எடுத்துவிட வேண்டும். உடல் அழுகாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் போட்டபின் சிவப்பும் மஞ்சளும் வெளுத்துவிடும், கறுப்புப் புள்ளிகளும் கோடுகளும்தான் மிஞ்சும். மரபணுவுக்காகத் துடுப்பில் ஒரு துணுக்கை ஃபார்மலினுக்கு முன்பே வெட்டி அடர்சாராயத்தில் போடுவார்கள். வெட்டுவது பொதுவாக வலது பக்கத்தில். காரணம், அளப்பதும் எண்ணுவதும் படம் எடுப்பதும் இடது பக்கத்தில். அந்தப் பக்கம் சேதமில்லாமல் இருக்க வேண்டும். பிறகு மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் இடம் வரை, கண்ணின் விட்டம், தலையின் நீளம் என்று 0.1 மி.மீ. துல்லியத்தில் அளவுகள். பக்கக்கோட்டுச் செதில்களையும் துடுப்புக் கதிர்களையும் நுண்நோக்கியின் கீழ் ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு எண்ணுவார்கள். கட்டுரையில் எண்ணிக்கைகள் அடுக்கிவரும் இடத்தில் ஏதாவது ஓர் எண்ணுக்கு மேல் நட்சத்திரக் குறி கண்டால், பெரும்பாலும் அது ஹோலோடைப்பின் எண்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதாலேயே ஒரு தப்பான எண்ணம் வந்துவிடுகிறது: 'அந்தச் சிற்றினத்தின் சராசரி மீன், இலக்கணமான மீன், அதுதான் ஹோலோடைப்.' அப்படி இல்லவே இல்லை. நல்ல மீனைத் தேர்ந்தெடுப்பது நடைமுறை. விதி அதைக் கேட்கவில்லை. குஞ்சாக இருக்கலாம், வால் முறிந்திருக்கலாம், கூட்டத்திலேயே வினோதமான ஒன்றாகக்கூட இருக்கலாம். மற்ற மீன்கள் அதைப் போல இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அது எந்தச் சிற்றினத்தைச் சேர்ந்ததோ அந்தச் சிற்றினத்துக்கு இந்தப் பெயர், அவ்வளவுதான் அதன் வேலை. நிலத்துக்கு மூலப்பத்திரம் எப்படியோ, பெயருக்கு ஹோலோடைப் அப்படி. பத்திரம் அழகாக எழுதப்பட்டிருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. உரிமை எங்கிருந்து வருகிறது என்றுதான் பார்ப்பார்கள்.

இதன் விளைவு சில சமயம் கொடுமையாக இருக்கும். ஓர் ஆய்வாளர் பதினைந்து மீன்களை வைத்துப் பெயர் சூட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று ஹோலோடைப், மீதி பதினான்கு பாராடைப். பல வருடம் கழித்து வேறொருவர் பார்க்கிறார்: ஹோலோடைப் ஏற்கெனவே பெயருள்ள பழைய சிற்றினம், உண்மையிலேயே புதியவை அந்தப் பதினான்கும்தான். பெயர் பெரும்பான்மையோடு போகாது. ஹோலோடைப்போடு போய்ப் பழைய பெயருக்கு இணைப்பெயராக அடங்கிவிடும். பதினான்குக்கும் புதுப் பெயர், புது ஹோலோடைப், புதுக் கட்டுரை வேண்டும். பாராடைப் எத்தனை இருந்தாலும் அவற்றுக்குப் பெயர்மேல் அதிகாரம் கிடையாது. வேறு உபயோகம் உண்டு. சதையைக் கரைத்து எலும்பைச் சிவப்பாகவும் குருத்தெலும்பை நீலமாகவும் சாயமேற்றிப் பார்க்கும் சோதனையெல்லாம் பாராடைப்மேல்தான் நடக்கும். ஹோலோடைப்பை அப்படிக் கரைக்க யாருக்கும் மனம் வராது. அதற்கு எக்ஸ்ரேயோ சிடி ஸ்கேனோ போதும்.

பெயர் சரியான மீனோடு கட்டப்பட்டிருப்பது ஏன் முக்கியம் என்பதற்கு டேனியோனெல்லா நல்ல உதாரணம். சுமார் 12 மி.மீ. நீளமே வளரும், கண்ணாடி போல உடல் தெரியும், மியான்மரின் ஓடைகளில் வாழும் மீன் இது. மண்டையோட்டுக்கு மேற்கூரை இல்லாததால் உயிரோடு இருக்கும்போதே மூளையைப் பார்க்கலாம். அதனால் நரம்பியல் ஆய்வுக்கூடங்கள் இதை விரும்பி வளர்த்தன. 1986-இல் டைசன் ராபர்ட்ஸ் பெயரிட்ட டேனியோனெல்லா டிரான்ஸ்லூசிடா என்று நினைத்துத்தான் கட்டுரைகள் எழுதினார்கள். 2021-இல் ரால்ஃப் பிரிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் எலும்பமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு, ஆய்வுக்கூட மீன் வேறொரு சிற்றினம் என்று காட்டி, டேனியோனெல்லா செரிப்ரம் என்று பெயரிட்டார்கள். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றேபோல் இருப்பவை. பழைய பெயர் எந்த மீனுக்குச் சொந்தம் என்பது உறுதியாகப் பதிந்திருந்ததால்தான் எது புதியது என்று சொல்ல முடிந்தது.

ஹோலோடைப்பே இல்லாத பெயர்களும் ஏராளம். ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலில்தான், இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இருக்கும் வரிக்குதிரை மீனுக்குப் பெயர் கிடைத்தது. ஆனால் அவர் பெயரிட்ட பல மீன்களுக்கு உடல் எதுவும் பாதுகாக்கப்பட்டதாகத் தெரியவில்லை; வர்ணனையும் ஓவியங்களும்தான். இருந்து அழிந்தவையும் உண்டு. ஸ்பைனோசாரஸ் என்ற டைனோசரின் ஹோலோடைப் 1944-இல் மியூனிக் நகரின்மேல் விழுந்த குண்டில் போனது. இப்படிப்பட்ட இடங்களில் பெயர் குறித்து உண்மையான குழப்பம் இருந்தால் மட்டும் புதிதாக ஓர் உடலை நியமிக்கலாம். அதற்கு நியோடைப் என்று பெயர். கூடுமானவரை பழைய மீன் பிடிபட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்தே எடுக்க வேண்டும். பிறகு எப்போதாவது தொலைந்த பழையது ஏதோ அலமாரியின் மூலையிலிருந்து வெளிப்பட்டால், அதிகாரம் பழையதற்கே திரும்பிவிடும்.

பழைய காலத்தில் பல உடல்களைக் குறிப்பிட்டு ஒன்றைத் தனியாகச் சொல்லாமல் விட்டிருந்தால் அவை எல்லாம் சேர்ந்து சின்டைப். பிற்பாடு ஒருவர் அவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அது லெக்டோடைப். மனிதனுக்கே அப்படித்தான் ஆனது: 1959-இல் வில்லியம் ஸ்டெர்ன், ஹோமோ சேப்பியன்ஸ் என்று பெயரிட்ட லின்னேயஸையே அந்தப் பெயருக்கு ஆதாரமாகச் சொன்னார். உப்சாலா தேவாலயத்தில் புதைக்கப்பட்டிருப்பவரை யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

சரி, தமிழுக்கு வருவோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'முழுவகை' வரும். அது எனக்குச் சற்றும் ஒப்பவில்லை. முதல் காரணம், முன்னால் சொன்னபடி உடலின் முழுமை இங்கே பேச்சே இல்லை. இரண்டாவது, அதைவிடப் பெரிய சிக்கல், 'வகை'. 'புதிய வகை மீன்' என்று பத்திரிகைகள் எழுதும்போது வகை என்பது சிற்றினம். 'புதிய வகையின் முழுவகை' என்று எழுதினால் வாசகர் என்ன புரிந்துகொள்வார்? 'அச்சு' பொருளில் அழகு, ஆனால் 'அச்சு அசல்' என்ற வழக்கு இருக்கிறதே, எல்லா மீனும் இதைப் போல இருக்கும் என்ற அதே தப்பான எண்ணத்தைக் கையோடு கூட்டிவரும். 'மாதிரி'யிலும் 'அது மாதிரி' என்ற நிழல் உண்டு. ஆனாலும் ஆய்வுக்கூடத்தில் 'ரத்த மாதிரி', 'மண் மாதிரி' என்று எடுத்துவைத்த பொருளைக் குறிக்கப் பழகிவிட்டோம். அந்தப் பொருளில் இங்கே சரியாகப் பொருந்துகிறது.

ஆகவே 'மூலமாதிரி' என்பதே என் தேர்வு. மூலம் என்றதும் மருத்துவ விளம்பரம் நினைவுக்கு வருகிறவர்கள் இருக்கலாம், ஆனால் மூலநூல், மூலவர், மூலப்பத்திரம் என்று நீளும் வரிசை அதைவிட வலிது. 'இதிலிருந்துதான் மற்றது' என்ற பொருளை வேறு எந்தச் சொல்லும் இவ்வளவு சுருக்கமாகத் தராது. இதே அடியில் மற்றவையும் சுலபமாக அமையும்: பாராடைப்புக்குத் துணைமாதிரி, சின்டைப்புக்குக் கூட்டுமாதிரி, லெக்டோடைப்புக்குத் தெரிமாதிரி, நியோடைப்புக்குப் புதுமாதிரி. தெரிதல் என்றால் தேர்ந்தெடுத்தல் என்ற பழைய பொருளும் உண்டு, தெரிவுக்குழுவில் வருவது அதுதான். பெயர்மேல் அதிகாரம் உள்ளவற்றை மொத்தமாகச் சொல்லப் 'பெயர்தாங்கி' போதும். துணைமாதிரி மட்டும் அந்தக் கூட்டத்தில் சேராது. மூலமாதிரி பிடிபட்ட இடத்தை 'மூல இடம்' என்று சொல்லிவிடலாம்.

ஒரு பேரினத்துக்கு ஆதாரமாக நிற்கும் சிற்றினத்தையும் ஆங்கிலத்தில் 'டைப்' சேர்த்தே சொல்கிறார்கள். அதையும் மூலமாதிரி என்று எழுதிவிடக் கூடாது. மூலமாதிரி குடுவைக்குள் இருக்கும் ஒரு தனி மீன். பேரினத்துக்கு ஆதாரமாக நிற்பதோ ஒரு சிற்றினம் முழுவதும். அதற்கு 'மூலச் சிற்றினம்' என்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

எழுதும்போது முதல் தடவை 'மூலமாதிரி எனப்படும் ஹோலோடைப்' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, அப்புறம் தமிழ்ச் சொல்லை மட்டும் பயன்படுத்தினால் போதும். 'இந்தச் சிற்றினத்தின் மூலமாதிரி ஓர் ஆண் மீன், நீளம் 31.4 மி.மீ.; அதே ஓடையில் பிடித்த ஒன்பது துணைமாதிரிகளோடு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது' என்பது போல. எண்கள் உதாரணத்துக்குத்தான். லத்தீன் பெயரை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.