கோடு அமிலத்தால், நிழல் பிசிறால்

மரங்கள், ஒரு சின்னப் பாலம், சில மாடுகள். ஆங்கில ஓவியர் டர்னர் 1807-ல் வெளியிட்ட ‘பாலமும் மாடுகளும்’ அச்சுப்படத்தில் இருப்பது இவ்வளவுதான். ‘லிபர் ஸ்டூடியோரம்’ என்ற அவருடைய நிலக்காட்சி வரிசையின் முதல் தொகுதியில் வந்தது. ஒரே செம்புத் தகட்டில் கோடு ஒரு வழியில் வந்திருக்கிறது, நிழல் வேறு வழியில் வந்திருக்கிறது. எனக்கு இந்தப் படத்தில் அலுக்காத விஷயம் அதுதான்.

கோடு டர்னரே போட்டது. மெருகேற்றிய தகட்டில் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சு இருக்கும். ஊசியால் வரையும்போது செம்பைக் கீற வேண்டாம், பூச்சு விலகினால் போதும். அதனால் பென்சில் பிடித்ததுபோல் கை தடையில்லாமல் ஓடும். அப்புறம் தகட்டை நீர் கலந்த நைட்ரிக் அமிலத்தில் விடுவார்கள். பூச்சு விலகிய இடத்தில் மட்டும் செம்பு கரைந்து, திரவம் மெல்ல நீலமாகும். கோடு நெடுகக் குமிழ்கள் முத்து முத்தாக ஒட்டிக்கொள்ளும். குமிழ் நின்ற இடத்தில் அமிலம் சரியாகப் படாது, அதனால் ஓர் இறகால் வருடிவிடுவார்கள். அமிலத்தில் ஊறும் நேரம் கூடக்கூடப் பள்ளம் ஆழமாகும், அதில் நிற்கும் மையும் கூடும். தூரத்து மரம் வெளிறித் தெரிய வேண்டுமா? அந்தக் கோடுகளைச் சீக்கிரமே வார்னிஷ் பூசி அடைத்துவிட்டு மற்றதை மறுபடி ஊறவிடலாம்.

நிழலுக்கு மெசோடிண்ட் என்ற வேறொரு முறை. அதைச் செய்தவர் சார்லஸ் டர்னர். பெயர்தான் ஒன்று, சொந்தக்காரர் இல்லை. பல் வைத்த வளைந்த எஃகுக் கருவியைத் தகட்டின் மேல் பல திசைகளில் ஆட்டி ஆட்டி நகர்த்தினால், செம்பு முழுக்க நுண்ணிய பிசிறுகள் எழும். பிசிறில் மை தங்குவதால், அப்படியே அச்சிட்டால் வெல்வெட் மாதிரி ஒரே இருட்டு. பிசிறைச் சுரண்டி மழுக்க மழுக்க வெளிச்சம் வரும். வானம் இப்படித் தேய்த்துத் தேய்த்து எடுத்ததுதான்.

அச்சிடும்போது மை தடவி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் காகிதத்தோடு உருளைகளுக்கு நடுவே அழுத்துவார்கள். ஈரத்தில் இளகிய காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்ளும். பிரதியைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால் கோடு லேசாகப் புடைத்திருப்பது தெரியும்.

ஒவ்வொரு அழுத்தத்திலும் பிசிறு கொஞ்சம் மடங்கும். ஓவியர் டர்னர் நடுநடுவே தகடுகளைத் தானே எடுத்துத் திருத்தியும் இருக்கிறார். ஆனாலும் தேய்ந்த தகட்டிலிருந்து வந்த பிரதியில் அமிலக் கோடு திடமாக நிற்கும். நிழல் மட்டும் வெளுத்திருக்கும்.