நீதிமன்றப் பராமரிப்புத் திட்டம்: சொல் விளக்கம்

மனநோயாளி ஒருவரின் விஷயமாகக் கோட்டுக்குப் போகவேணும் என்றால், மட்டக்களப்பில் கேட்பவருக்கு உடனே ஞாபகம் வரும் ஊர், கொழும்புப் பக்கத்தில் மனநோய் ஆஸ்பத்திரி இருக்கும் அங்கொடை. ஆளைக் கொண்டுபோய் அடைத்து வைக்கப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார். சட்டமும் அப்படித்தான் பழக்கிவிட்டது. 1873இல் வந்து, பிறகு உளநோய்கள் கட்டளைச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டத்தில், மாவட்ட நீதிமன்றம் விசாரித்து ஒருவரைச் ‘சித்தசுவாதீனம் அற்றவர்’ என்று கண்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். (சித்தம் மனம், சுவாதீனம் தன்வசம். பித்தம் தலைக்கேறிய கணக்கில் வந்த ‘பைத்தியத்துக்கு’ இது எவ்வளவோ மேல்.)

நீதிமன்றம் கட்டளையிடும் பராமரிப்புத் திட்டம் (court-ordered care plan) வேறு சங்கதி. கலிபோர்னியா 2022இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) போன்ற நோயுள்ள, 18 வயது நிரம்பிய ஒருவருக்காகக் குடும்பத்தாரோ வைத்தியரோ மனுப் போடலாம். நோயாளி சம்மதித்தால் உடன்பாடு; இல்லையென்றால் நீதிபதி கட்டளையிடுவார். ஓராண்டுக்கு, தேவைப்பட்டால் இன்னும் ஓராண்டுக்கு. சிகிச்சை, தங்குமிடம் எல்லாம் அதில் வரும். மருந்தை எழுதலாம், பலவந்தமாக ஏற்ற முடியாது. சொன்ன சேவையைக் கொடுக்காத உள்ளூர் நிர்வாகத்துக்கோ நாளொன்றுக்கு 1,000 டொலர் வரை அபராதம். அதாவது கட்டளை இரண்டு பக்கத்தையும் கட்டும். இதைக் ‘கட்டாயச் சிகிச்சை’ என்று எழுதுவது பிழை.

‘பராமரிப்பு’ வடமொழிப் பராமர்சத்தில் இருந்து வந்தது. அங்கே தொட்டறிதல், ஆராய்தல் என்று பொருள். தமிழில் கவனித்துக் காப்பது என்றாகிவிட்டது. தனித்தமிழ் வேண்டுவோர் ‘பேணல் திட்டம்’ என்பார்கள். அழகுதான். ஆனால் கல்முனையில் மகனைக் கிளினிக்குக்குக் கூட்டிவரும் தாயிடம் சொன்னால், “அது என்ன தம்பி?” என்று கேட்பார். மாத ஊசி எந்தத் திகதி, இரவுக் குளிசை எத்தனை, அடுத்து எப்போது வரவேணும் என்று அவர் கையில் இருக்கும் கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறதே, அதுவும் ஒரு சின்னப் பராமரிப்புத் திட்டம்தான். அந்தச் சொல் அவருக்குப் புரியும்.

‘நீதிமன்ற ஆணை’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். நம்மூரில் ஆணை என்றதும் பிடியாணைதான் நினைவுக்கு வரும். நோயாளியின் வீட்டில் அந்தப் பயம் வேண்டாம். இலங்கை வழக்கில் ‘கட்டளை’ போதும். ஆகவே முழு வடிவம் ‘நீதிமன்றக் கட்டளைப்படியான பராமரிப்புத் திட்டம்’. பேச்சில் முதல் இரண்டு சொல்லைச் சுருக்கி ‘நீதிமன்றப் பராமரிப்புத் திட்டம்’ என்றாலே சரி.