இடைவினையா, எதிர்வினையா?

மதுரைக் கல்லூரி ஒன்றில் அண்மையில் கேட்ட தமிழ்வழி உரையில், ஒற்றைப் பரிமாண இடவியல் மீக்கடத்திகளை, அதாவது மின்தடையின்றி மின்சாரம் கடத்துவதோடு முனைகளில் தனிவகை நிலைகளையும் தாங்கும் மெல்லிய கம்பிகளை, விளக்கியவர் எலக்ட்ரான்களின் 'இன்டராக்‌ஷன்' என்பதை 'எலக்ட்ரான்களின் எதிர்வினை' என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பு நூல்களில் பல்லாண்டுகளாகப் பார்த்துச் சலித்த பிழை இது.

இன்டராக்‌ஷன் என்பது 'இடையே' என்று பொருள்தரும் இலத்தீன் முன்னொட்டும் 'செயல்' என்னும் சொல்லும் சேர்ந்தது. நேரான தமிழ், இடைவினை.

எதிர்வினையோ, முதலில் ஒரு வினை நிகழ்ந்தபின் அதற்கு மறுமொழியாக வருவது. ஒருவர் எழுதிய கட்டுரையை மறுத்து அடுத்த இதழில் இன்னொருவர் எழுதினால் அது எதிர்வினை. அங்கே அச்சொல் அழகாகவே பொருந்துகிறது. ஒன்றையொன்று விலக்கும் இரு எலக்ட்ரான்களில் முந்திக்கொண்டது எது, பதில் சொன்னது எது? போதாக்குறைக்கு, வேதிவினையைப் படித்துவிட்டு வரும் மாணவர் கம்பிக்குள்ளும் ஏதோ சேர்மம் உருவாவதாக நினைக்கக்கூடும்.

ஒற்றைப் பரிமாணத்தில் இந்தப் பிழை இன்னும் உறுத்துகிறது. அழகர் இறங்கும் நாளில்கூட வைகை மணலில் ஒருவரையொருவர் சுற்றிக்கொண்டு நடந்துவிடலாம். மாசி வீதிப் பக்கத்துச் சந்தில் முன்னால் போகிறவர் நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். மெல்லிய கம்பிக்குள் எலக்ட்ரான்களும் விலகிச் செல்ல வழியின்றி, ஒன்றின் அசைவு எல்லாவற்றையும் அசைக்கும்படி கூட்டாகவே இயங்குகின்றன.

இயற்பியலாளர் அலெக்சி கிட்டயேவ் இத்தகைய மீக்கடத்திக் கம்பிக்கு 2001இல் முன்வைத்த சங்கிலி மாதிரியில், முனைக்கு ஒன்றாக மயோரானா நிலைகள் (எலக்ட்ரானின் பாதி போல நடந்துகொள்பவை) தோன்றும். இடைவினை அதில் தனியே கணக்கிடப்படவில்லை. அத்தகைய சங்கிலிகளில் காலத் திருப்பச் சமச்சீர் (காலத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் விதிகள் மாறாமை) உடையவற்றை முழு எண்களால் முடிவின்றி வகைப்படுத்தலாம். இடைவினையைச் சேர்த்தால் எட்டு வகைகளே எஞ்சும் என்று 2010இல் லூக்காஸ் ஃபிட்கோவ்ஸ்கியும் கிட்டயேவும் காட்டினர். எட்டுச் சங்கிலிகளை அடுக்கினால், ஒரு முனையிலுள்ள எட்டு மயோரானாக்களும் சமச்சீர் குலையாமலே தமக்குள் பிணைந்து மறைந்துவிடுகின்றன. எட்டும் சேர்ந்து ஒரேசமயத்தில் செய்யும் இக்காரியத்தில் 'எதிர்' எங்கே இருக்கிறது?

இதே சொல்லுக்குக் கணினித் துறையினர் விரும்பும் 'ஊடாட்டம்' உள்ளே புகுந்து பழகுவதைக் குறிப்பது. மனிதருக்கும் இயந்திரத்துக்கும் அது தகும், விலக்கிக்கொள்ளும் துகள்களுக்குத் தகாது. எலக்ட்ரானை எலக்ட்ரான் என்றே எழுதுவதில் எனக்கு வருத்தமில்லை. அகராதியில் கண்ணில் பட்ட முதல் சொல்லை எடுத்துப்போட்டு அதைத் தமிழாக்கம் என்பதில்தான் வருத்தம். இலங்கைப் பாடநூல்களின் 'இடைத்தாக்கம்' பொருளில் பிழையற்றது. ஆனால் தாக்கம் என்றாலே பாதிப்பு என்று கொள்ளும் நம் பக்கத்தில் அது எடுபடுவது கடினம்.