பெட்டியை நகர்த்தினால் நிரல் மாறுமா?

நோட்-ரெட் என்பது பெட்டிகளைக் கோடுகளால் இணைத்து நிரல் எழுத உதவும் கருவி. அப்படி வரையும் படத்துக்கு ஃப்ளோ என்று பெயர். ஒருநாள் அதில் வரைந்து வைத்திருந்த ஒரு ஃப்ளோவை ஒழுங்குபடுத்தினேன். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்ற பெட்டிகளைப் பிரித்து வரிசையாக வைத்தேன், அவ்வளவுதான். கோப்புகளில் வரும் மாற்றங்களை வரி வரியாகக் காட்டும் கிட்டில் ஏற்றியதும் உடன் வேலை செய்பவர் கேட்டார்: "இவ்வளவு வரி மாறியிருக்கே, என்ன பண்ணினீங்க?" ஒன்றும் பண்ணவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், திரை முழுக்க நீங்கிய வரிகளின் சிவப்பும் சேர்ந்த வரிகளின் பச்சையுமாக இருந்தது.

நோட்-ரெட் 2013இல் இங்கிலாந்திலிருந்த ஐபிஎம் குழு ஒன்றில் பிறந்தது. நிக் ஓ'லியரி, டேவ் கான்வே-ஜோன்ஸ் இருவரும் சென்சார் போன்ற கருவிகள் பேசிக்கொள்ளும் எம்க்யூடிடி முறையில் செய்திகள் எந்தத் தலைப்பிலிருந்து எந்தத் தலைப்புக்குப் போகின்றன என்பதைப் படமாகக் காட்டி, அந்தப் படத்திலேயே மாற்றவும் வழி செய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டார்கள். பெட்டிகளைக் கோடுகளால் இணைத்து நிரல் எழுதும் யோசனை இன்னும் பழையது. 1970களிலேயே கனடா ஐபிஎம்மில் ஜே. பால் மாரிசன் அதைச் செய்துகாட்டியிருந்தார்.

ஒரு குளிர்பதன அறையை எடுத்துக்கொள்வோம். சென்சார் அனுப்பும் வெப்பநிலையை வாங்க ஒரு பெட்டி. அளவு தாண்டியதா என்று பார்க்க இன்னொன்று. தாண்டினால் மின்னஞ்சல், இல்லையென்றால் தரவுத்தளம். நான்கு பெட்டி, மூன்று கோடு. பிரவுசரில் தெரியும் இந்தப் படம் எஸ்விஜி ஓவியம் மட்டுமே. அங்கே எதுவும் ஓடுவதில்லை. ஃப்ளோவை ஓடவிடும் டிப்ளாய் பொத்தானை அழுத்தியதும் படம் ஜேசன் என்ற எழுத்து வடிவில் ஒரு பட்டியலாகி சர்வருக்குப் போகிறது. நிஜ வேலை அங்கேதான், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில் நடக்கிறது.

அந்தப் பட்டியல் ரொம்பத் தட்டையானது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அடையாள எண், வகை, படத்தில் அதன் இடத்தைச் சொல்லும் x, y, அப்புறம் z. இந்த z ஆழம் அல்ல, பெட்டி எந்த டேபில் இருக்கிறது என்பதற்கான குறி! கோடுகளுக்குத் தனிப் பதிவு கிடையாது. ஒவ்வொரு பெட்டியும் தன் எந்த வாசலிலிருந்து யாருக்கெல்லாம் அனுப்பவேண்டும் என்பதை மட்டும் வைத்திருக்கும். தனக்கு யார் அனுப்புகிறார் என்பது அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஒரே வாசலிலிருந்து இரண்டு கோடுகள் கிளம்பினால் என்ன ஆகும்? இரண்டு பக்கமும் ஒரே செய்தியைக் கொடுத்தால், ஒருவர் அதைத் திருத்தும்போது மற்றவரிடம் இருப்பதும் மாறிப்போகும். அதனால் முதலாமவருக்கு அசல், மற்றவர்களுக்கு நகல். வெப்பநிலை மாதிரி சின்ன எண்ணுக்கு இது பொருட்டே அல்ல. பெரிய புகைப்படம் போனால் மெமரி சட்டென்று ஏறும்.

நோட்-ரெட்டில் ஆயிரக்கணக்கான பெட்டி வகைகளை வெளியாட்கள் எழுதிச் சேர்த்திருப்பதற்கும் காரணம் உண்டு. ஒரு வகைக்கு இரண்டு கோப்புகள் போதும்: நிறம், வாசல்கள், படிவம் இவற்றைச் சொல்ல எச்டிஎம்எல், வேலையைச் செய்ய ஜாவாஸ்கிரிப்ட். பெட்டி உள்ளே என்ன செய்கிறது என்பது எடிட்டருக்குத் தெரியவே வேண்டாம். கடவுச்சொற்கள் தனிக் கோப்பில் மறைகுறியாக்கப்பட்டு இருப்பதால், ஃப்ளோவை இன்னொருவருக்குக் கொடுத்தாலும் அவை கூடவே போவதில்லை.

சரி, என் சிவப்பு பச்சைக்கு வருவோம். டிப்ளாய் செய்யும்போது சர்வர் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒப்பிடுகிறது. அந்த ஒப்பீட்டில் x, y கணக்கில் வராது. அதனால் மாறிய பெட்டிகளை மட்டும் டிப்ளாய் செய்யச் சொல்லியிருந்தால், இடம் மட்டும் மாறியது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கிட்டுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. அதற்கு வரி மாறினால் மாறியதுதான்.

இதற்கு நேர்மாறான வழியில் போவது கவோட்டோ. வெவ்வேறு மென்பொருள்களை இணைத்துத் தரவைக் கடத்தும் அப்பாச்சி கேமலுக்கான ஓப்பன் சோர்ஸ் எடிட்டர் அது. கேமல் 2007 முதலே இருக்கிறது, முந்நூறுக்கும் மேற்பட்ட இணைப்பான்களோடு. அதில் வேலை செய்பவர்கள் எழுத்தாகவே எழுதிப் பழகியவர்கள். அதனால் கவோட்டோவில் யாம்எல் என்ற வடிவில் எழுதிய கோப்புதான் அசல், படம் அதன் நிழல். பெட்டியின் இடம் கோப்பில் எங்கும் இருக்காது. திறக்கும்போதெல்லாம் எடிட்டரே கணக்கிட்டு அடுக்கும். முந்நூறு இணைப்பான்களுக்கும் யாரும் உட்கார்ந்து படிவம் வரைவதில்லை. எதற்கு என்னென்ன அமைப்புகள், எது கட்டாயம் என்ற விவரத்தைக் கேமல் ஒரு பட்டியலாகவே வெளியிடுகிறது. அதைப் படித்து எடிட்டர் படிவத்தைத் தானே உருவாக்கிக்கொள்கிறது.

கிட் சுத்தமாக இருக்கும். ஆனால் எழுத்தும் படமும் ஒன்றையொன்று விடாமல் பின்தொடர வேண்டும் என்பது லேசான வேலை அல்ல. பாதி தட்டச்சு செய்த வரி யாம்எல்லே அல்ல. அந்த நேரத்தில் படம் எதைக் காட்டும்? படத்தில் ஒரு பெட்டி சேர்த்தால் கோப்பைத் திரும்ப எழுத வேண்டும். அப்போது நீங்கள் எழுதி வைத்த # குறிப்புகள் காணாமல் போய்விடக்கூடும். இந்த வகைக் கருவி எதைக் கட்டுபவருக்கும் இது பழைய தலைவலி.

பலர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் இரண்டாவது வழிதான் சரி என்பேன். ஆனாலும் பிழை கையாளும் பெட்டிகளை எப்போதும் கீழே வைப்பது என் பழக்கம், பார்த்ததும் புரியும். இயந்திரம் அடுக்கும்போது அந்த அர்த்தம் போய்விடுகிறது. அதனால் நோட்-ரெட்டை விடவும் இல்லை. இப்போதெல்லாம் பெட்டிகளை ஒழுங்குபடுத்தினால் அதைக் கிட்டில் தனி கமிட்டாக, அதாவது தனி மாற்றப் பதிவாகப் போட்டு, 'இடம் மட்டும் மாறியது' என்று எழுதி வைக்கிறேன்.