மடக்குக்கத்தியைப் பையில் வைத்திருக்கலாமா? சட்டமும் தேர்வும்

எங்கள் தெருவில் கூரியர் குடோனில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போனை நீட்டினான். “அண்ணே, பட்டனை அமுக்குனா டக்குன்னு திறக்குது. வாங்கட்டுமா? இதுக்கு லைசென்ஸ் எதுவும் வேணுமா?” நாள் முழுக்க அட்டைப்பெட்டி பிரிக்கிறவன். அவனுக்குக் கத்தி அவசியம்தான். ஆனால் அந்தக் கத்தி வேண்டாம் என்றேன். ஏன் என்று நின்றபடியே சொல்லி முடிக்க முடியவில்லை. எலக்ட்ரீஷியன், பூக்கட்டுபவர், வாழைத்தோட்டத்துக்காரர் என்று பலருக்கும் இதே சந்தேகம் இருப்பதால் எழுதியே வைக்கிறேன்.

கத்தி சம்பந்தப்பட்ட முக்கியமான சட்டம் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். துப்பாக்கிக்கும் கத்திக்கும் அதே சட்டம்தான். தாக்குவதற்கோ தற்காத்துக்கொள்வதற்கோ என்று வடிவமைத்த பொருள், அல்லது அதற்கென மாற்றியமைத்த பொருள் எல்லாம் ஆயுதம் என்கிறது அது. கூர்மையான ஆயுதங்களும் இதில் அடக்கம். வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டுமே செய்யப்பட்ட பொருள் ஆயுதம் ஆகாது. இடுப்பில் கதிர் அரிவாளைச் செருகிக்கொண்டு வயலுக்குப் போகும் அம்மாவும், அரிவாள்மனை வாங்கிக்கொண்டு பஸ் ஏறும் அக்காவும் பயப்பட வேண்டியதில்லை என்பது இதனால்தான்.

அளவைச் சொல்வது 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள். அதன் முதல் அட்டவணையில் ஐந்தாம் வகையாக வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவற்றோடு கத்தியும் வருகிறது. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் அந்தக் கத்தி இந்த வகையில் சேரும். வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகிய உபயோகத்துக்கென வடிவமைத்தவற்றுக்கு இங்கேயும் விலக்கு உண்டு. இந்த வகை ஆயுதங்களைத் தயாரிக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும். வாங்கி வைத்துக்கொள்பவருக்கு உரிமம் தேவைப்படுவது, சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி அரசு அறிவிக்கை வெளியிட்ட பகுதிகளில்.

இதைப் படித்துவிட்டு “அப்ப 9 அங்குலம் வரைக்கும் சரி” என்று கணக்குப் போடக் கூடாது. டெல்லியைப் பாருங்கள். அங்கே 1980ஆம் ஆண்டு அறிவிக்கை, பட்டனாலோ ஸ்பிரிங்காலோ திறக்கும் கத்திகளுக்குத் தனி அளவு வைத்தது. அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும், அல்லது அதற்கு மேலும் இருந்தால் தடைக்குள் வந்துவிடும். 7.62 சென்டிமீட்டர் என்றால் சரியாக 3 அங்குலம். அப்படி ஒரு கத்தியோடு பிடிபட்டவர் மீதான வழக்கை 2024இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த அறிவிக்கை விற்பனைக்காக வைத்திருப்பதைப் பற்றியது, அவர் விற்பதற்காக வைத்திருந்ததாகக் குற்றப்பத்திரிகையில் இல்லை என்பது காரணம். விடுதலை கிடைத்தது, சரி. ஆனால் ஒரு கத்திக்காக உச்ச நீதிமன்றம் வரை ஏறி இறங்க நம்மில் எத்தனை பேருக்கு முடியும்?

நம் பக்கத்துக்கு வருவோம். திருப்பாச்சேத்தி அரிவாளின் பெயர் தெரியாதவர் இங்கே யாரும் இல்லை. பட்டறைக்காரர்களின் உழைப்பு அது. தென் மாவட்டங்களில் கொலைகள் தொடர்ந்ததை அடுத்து 2021 செப்டம்பரில் காவல்துறை மாநிலம் முழுக்கச் சோதனை நடத்தியது. கத்தி, அரிவாள் செய்யும் பட்டறைகளும் விற்கும் கடைகளும் வாங்குபவரின் பெயர், முகவரி, செல் நம்பரைக் குறித்துவைக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. அதனால் கடைக்காரர் விவரம் கேட்டால் கோபப்படாதீர்கள், கொடுங்கள். பில்லையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். எப்போது, எங்கே, எதற்கு வாங்கினீர்கள் என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

அடுத்தது தடை உத்தரவு. பழைய 144 என்று நாம் சொல்வது 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 163ஆம் பிரிவு. செப்டம்பரில் பரமக்குடி, அக்டோபர் கடைசியில் பசும்பொன் நிகழ்ச்சிகளை ஒட்டி ராமநாதபுரம் மாவட்டத்தில் இந்த உத்தரவு போடுவது வழக்கம். அந்த நாட்களில் மதுரையிலிருந்து அந்த ரோட்டில் வேலைக்குப் போகிறவர் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. சித்திரைத் திருவிழா, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு போன்ற கூட்டங்களுக்கும் இதையே சொல்வேன். மீனாட்சியம்மன் கோவில், உயர் நீதிமன்றக் கிளை மாதிரி சோதனை வாசல் உள்ள இடங்களுக்கு எந்தக் கத்தியும் வேண்டாம். விமானப் பயணத்தில் கைப்பையில் வைக்கக் கூடாது, செக்-இன் பெட்டியில் போடலாம். சாவிக்கொத்தில் மறந்துபோய் மாட்டியிருந்த ஒரு சின்ன பேனாக்கத்தியை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தவன் நான்.

எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. வாகனச் சோதனையில் “இது எதுக்குப்பா?” என்று கேட்டால் நம் பையன்கள் பெரும்பாலும் சொல்லும் பதில் “பாதுகாப்புக்கு சார்” என்பது. நல்ல பதில் என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் மேலே சொன்ன ஆயுதத்தின் விளக்கத்தை மறுபடி பாருங்கள். தற்காப்பு என்ற சொல் அதிலேயே இருக்கிறது. பெட்டி பிரிக்கும் கருவியாக இருந்ததை அந்த ஒரு வார்த்தையால் நீங்களே ஆயுதமாக்கிக் கொடுக்கிறீர்கள். குடோன் வேலைக்கு என்றால் குடோன் வேலைக்கு என்று உண்மையைச் சொல்லுங்கள். கம்பெனி அடையாள அட்டை, டூல்ஸ் பை, கூட இருக்கும் டெஸ்டர், கட்டிங் பிளேயர் எல்லாம் உங்களுக்காகப் பேசும். உண்மையிலேயே தற்காப்புக்காகத்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள். கைகலப்பில் கத்தி வெளியே வந்தால் அதன் பிறகு எதுவும் நம் கையில் இல்லை.

அப்படி எடுத்துக் காட்டி “குத்திருவேன்” என்று மிரட்டினாலே, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை தண்டனைக்கு இடம் உண்டு. கீறல் விழுந்தால் 118ஆம் பிரிவு. பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டி வீடியோ போட்டவர்கள் கைதான செய்திகளைப் பார்த்திருப்பீர்கள்.

இனி, எதை வாங்குவது? பட்டன் கத்தியை நான் வேண்டாம் என்பதற்குச் சட்டம் பாதிக் காரணம். பார்த்த உடனே போலீஸ்காரர் கண்ணுக்கு அது சண்டைக்கத்தி. மீதிப் பாதி வேலை சம்பந்தப்பட்டது. உள்ளே இருக்கும் சுருள் ஸ்பிரிங்கில் அட்டைத் தூசியும் டேப் பசையும் ஏறினால் பாதியிலேயே நிற்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் அலகு முழுசாகப் பூட்டாது. மலிவான கத்தியில் பாக்கெட்டுக்குள் பட்டன் அழுந்தித் தானாகத் திறக்கும். தொடையில் வெட்டு விழ அது போதும்.

கையால் பிரிக்கும் மடக்குக்கத்திதான் உறுதி. அலகு 3 அங்குலத்துக்குள் இருக்கட்டும். அட்டை, கயிறு, வயர், பழம் எதற்கும் அதற்கு மேல் தேவையில்லை. கடையிலேயே திறந்து, அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆணி இருக்கும் இடத்தில் ஆட்டம் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள், அது போகப் போகக் கூடும். லாக் உள்ளதா என்று பாருங்கள். பிடிக்குள் இருக்கும் தகடு நகர்ந்து அலகின் அடியை முட்டுக்கொடுத்து நிற்பது லைனர் லாக். முதுகுப்பக்கம் அமுக்கிப் பூட்டை விடுவிப்பது பேக் லாக். இரண்டும் நல்லவைதான். லாக் விழுந்த பிறகு அலகின் முதுகைக் கட்டைவிரலால் மடக்கும் திசையில் அழுத்துங்கள், அசையக் கூடாது. ஓபினெல் என்ற பிராண்டு கத்தியில் இதே வேலையை ஒரு திருகு வளையம் செய்கிறது. அதன் 8ஆம் எண் கத்தி அலகு 8.5 சென்டிமீட்டர், நான் சொன்ன அளவை விடக் கொஞ்சம் நீளம். விக்டோரினாக்ஸின் சிறிய சுவிஸ் கத்திகள் பலவற்றில் அலகுக்கு லாக் கிடையாது. பழம் நறுக்க, நூல் அறுக்க அது போதும். முனையால் குத்தித் திருகினால் அலகு மடங்கி விரல் போகும்.

ஸ்டெயின்லெஸ் அலகே வாங்குங்கள். தினமும் வியர்வை படும் பாக்கெட்டில் கார்பன் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். வாழைக்கறையை அன்றன்றே துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் வருஷக்கணக்கில் வரும். சாணைக்காரரிடம் கொடுக்கும்போது சக்கரத்தில் அலகு சூடேறாமல் தண்ணீர் தொட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். சூடு ஏறினால் கூர் நிற்காது.

தம்பிக்கு நான் கடைசியில் சொன்னது இன்னும் எளிது: 18 மில்லிமீட்டர் அலகு போட்ட கட்டர், முனை மழுங்கியதும் உடைத்துவிடுகிற மாதிரி. வேலை முடிந்ததும் குடோனிலேயே வைத்துவிட்டு வரலாம். கட்டாயம் மடக்குக்கத்திதான் வேண்டும் என்றால் கூர் முனை இல்லாமல் நுனி மழுங்கலாக இருக்கும் அலகைக் கேட்டு வாங்கச் சொன்னேன். பெட்டிக்குள் இருக்கும் சரக்கும் கிழியாது, பார்ப்பவருக்கும் அது கருவி என்றே தெரியும்.

ஒருவேளை சோதனையில் கத்தியை எடுத்துக்கொண்டால் வாக்குவாதம் வேண்டாம். கைது செய்து உடைமைகளைக் கைப்பற்றினால் அதற்கு ரசீது தர வேண்டும், அது உங்கள் உரிமை. புதிய நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவுப்படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். வீட்டார் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. போனில் அந்த எண்ணை இன்றே சேமித்துவையுங்கள்.