அளவுகோல் இல்லாமல் நடுவைக் கண்டுபிடிப்பது

கோத்தகிரியில் பிளஸ் ஒன் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: பாக்டீரியாவுக்குள் உட்கரு இல்லை, அறை இல்லை, அப்புறம் ஒரு புரதத்துக்குத் தன் இடம் எது என்று எப்படித் தெரிகிறது?

பல புரதங்களுக்குத் தெரியவே தெரியாது. கண்டபடி அலைந்து, ஒட்டுகிற இடம் கிடைத்தால் ஒட்டிக்கொள்ளும். சில புரதங்கள் சவ்வின் வளைவைப் பிடித்துக்கொண்டு முனைகளில் போய்ச் சேரும். சரி, நடுப்பகுதிக்கு என்ன அடையாளம்? ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளக் குச்சி. பிரியும்போது கிட்டத்தட்ட சரிபாதியில் பிரிகிறது. எஃப்.டி.எஸ்.இசட் என்ற புரதம் அங்கே வளையம் கட்டித்தான் அந்தப் பிரிவு தொடங்குகிறது.

எனக்கு அலுக்காத இடம் இதுதான். மின்-டி என்ற புரதம், செல்லின் எரிபொருள் மூலக்கூறான ஏடிபியைப் பிடித்திருக்கும்வரை உள்சவ்வில் ஒட்டும். மின்-சி என்ற இன்னொரு புரதம் அதன்மேல் தொற்றிக்கொண்டு, அக்கம்பக்கத்தில் வளையம் உருவாகாமல் தடுக்கும். மூன்றாவது புரதமான மின்-ஈ வந்து தொட்டால் ஏடிபி உடைந்து, மின்-டி கழன்றுவிடும். கழன்றது உடனே ஒட்ட முடியாது. ஏடிபி உடைந்து மிஞ்சிய கழிவை விட்டுவிட்டு, புதிதாக ஓர் ஏடிபியைப் பிடிக்க வேண்டும். அந்தத் தாமதத்துக்குள் வெகுதூரம் அலைந்துவிடுகிறது. கிளம்பிய முனையிலோ மின்-ஈ இன்னும் மொய்த்துக் கிடக்கிறது. அதனால் எதிர்முனையில்தான் சேர முடிகிறது. கொஞ்ச நேரத்தில் மின்-ஈ அங்கேயும் வரும். மின்-டி கூட்டம் மறுபடி இந்தப் பக்கம். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். 1999இல் ராஸ்கின், டி போயர் என்ற ஆய்வாளர்கள் மின்-டியோடு பச்சை ஒளிர்புரதத்தை இணைத்து இந்த ஊசலாட்டத்தைப் பார்த்தார்கள்.

மின்-டியும் மின்-சியும் முனைகளில் மாறி மாறித் தங்குவதால், சராசரியில் தடை மிகக் குறைவாக இருப்பது நடுவில். வளையம் அங்கே கட்டிக்கொள்கிறது. 2008இல் ஜெர்மனியில் செல்லே இல்லாமல், தட்டையான கொழுப்புச் சவ்வின்மேல் மின்-டி, மின்-ஈ, ஏடிபி மூன்றையும் விட்டார்கள். அலைகள் தாமாகவே ஓடின!

'இதனால் என்ன பயன்?' என்று நிதிக்குழுக்கள் கேட்கும். 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு அந்தக் கேள்வி எழாது. ஆனால் பயன் தெரிந்த பிறகுதான் காசு என்றால், இந்த ஊசலாட்டத்தை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள் என்பது என் கட்சி.

ஊட்டிக் குளிரில் உறை ஊற்றிய பால் உறையாததற்குக் கண்ணேறுதான் காரணம் என்று பாட்டி சொல்வதாகவும் அந்த மாணவி எழுதியிருக்கிறார். தயிர் பாக்டீரியா வேறு இனம். குளிரில் அதன் வேதிவினைகள் மந்தமாகின்றன, அவ்வளவுதான். ஈ.கோலையின் ஊசலாட்டமும் அப்படியே: 40 டிகிரியில் இருப்பதைவிட 20 டிகிரியில் பல மடங்கு மெதுவாக நடக்கும். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைக்கச் சொல்லுங்கள்.