ஏசி அனாலிசிஸ் ஏன் கெயினைக் காட்டுவதில்லை?

பெருந்துறைப் பக்கம் பொறியியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “சுவிட்ச்டு கெப்பாசிட்டர் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை என்ஜிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேட்டரில் போட்டேன். கெயின் 4 வரணும், அதாவது அவுட்புட் உள்ளீட்டைப் போல நான்கு மடங்கு. ஏசி அனாலிசிஸ் ஓட்டினால் ஒன்றுமே வரவில்லை. சர்க்யூட் தப்பா, சாஃப்ட்வேர் தப்பா?”

இரண்டும் சரிதான். தேர்ந்தெடுத்த அனாலிசிஸ்தான் இதற்கு ஒத்துவராது.

சிப்புக்குள் ரெசிஸ்டரின் மதிப்பு 20 சதவீதம்கூட ஏறி இறங்கும். அருகருகே அமைத்த இரு கெப்பாசிட்டர்களின் விகிதமோ 0.1 சதவீதத்துக்குள் நிற்கும். அதனால் ரெசிஸ்டரைத் தூக்கிவிட்டு, கெப்பாசிட்டரையும் சுவிட்சுகளையும் வைக்கிறார்கள். மோட்டார் வருவதற்கு முன் நம் தோட்டத்துக் கிணறுகளில் மாடு கட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்தது மாதிரிதான்: தண்ணீர் சால் சாலாக வரும், வாய்க்காலில் ஓடும் அளவைச் சாலின் கொள்ளளவும் மாட்டின் வேகமும் தீர்மானிக்கும். 1 பிக்கோஃபாரட்டை நொடிக்கு 1 லட்சம் முறை மாற்றி மாற்றி இணைத்தால், அது 1 கோடி ஓம் ரெசிஸ்டராக நடந்துகொள்ளும்.

இப்போது ஆம்ப்ளிஃபயர். கிளாக் என்ற சீரான துடிப்பு சுவிட்சுகளை இரண்டு கட்டங்களாக மாற்றி மாற்றி இயக்கும். முதல் கட்டத்தில் 4 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் உள்ளீட்டின் 0.1 வோல்ட்டை ஏந்திக்கொள்கிறது; கையில் 0.4 பிக்கோகூலும் மின்னூட்டம். ஆப்-ஆம்ப் என்ற பெருக்கியின் குறுக்கே இருக்கும் 1 பிக்கோஃபாரட் காலியாக்கப்படுகிறது. அடுத்த கட்டத்தில் உள்ளீடு கழன்றுவிடும், பெரிய கெப்பாசிட்டரில் உள்ளீட்டோடு சேர்ந்திருந்த முனை தரையில் சேரும். ஆப்-ஆம்ப் தன் நுழைமுனையைச் சுழியில் பிடித்து வைக்கப் பார்ப்பதால் அந்த மின்னூட்டம் முழுக்கச் சின்னதுக்குள் தள்ளப்படுகிறது. அவுட்புட் 0.4 வோல்ட்டுக்கு ஏறுகிறது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, முழுக்கத் தள்ள முடியாமல் மிஞ்சுவது. ஆப்-ஆம்ப்பின் கெயின் 1000 என்றால், நுழைமுனையில் 0.4 மில்லிவோல்ட் தங்கிவிடும். இரு கெப்பாசிட்டர்களும் சேர்த்து 5 பிக்கோஃபாரட் என்பதால், அந்தத் துளி 0.002 பிக்கோகூலும் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும்; மொத்தம் இருந்த 0.4-இல் அது 5/1000, அதாவது 0.5 சதவீதம் பிழை. கெயின் 4 அல்ல, 3.98.

ஏசி அனாலிசிஸ் முதலில் சர்க்யூட் அசையாத நிலையைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றிய சிறு அசைவுகளை மட்டும் கணக்கிடும். கிளாக் நின்றுபோகும். முதல் கட்டத்தில் நின்றால் அவுட்புட் சுழியில் கட்டப்பட்டிருக்கும். இரண்டாம் கட்டத்தில் நின்றால் உள்ளீடே இணைப்பில் இல்லை. எப்படி நின்றாலும் கெயின் வராது. சாஃப்ட்வேர் கேட்டதற்குத்தான் பதில் சொல்கிறது. கிராஃபைச் சாமி வாக்காக நம்பி ரெக்கார்டில் ஒட்டும் வழக்கத்தை நம் லேப்கள் விட வேண்டும். செமிகண்டக்டர் திட்டத்துக்கு 2021-இல் 76,000 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது. இதைச் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கும் அதில் பங்கு சேரட்டும்.

சரி, என்ன செய்வது? நேரம் போகப் போக சர்க்யூட் எப்படி மாறுகிறது என்று கணக்கிடும் டிரான்சியன்ட் அனாலிசிஸை ஓட்டுங்கள். கட்டத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு கிளாக்கும் ஒரே நேரத்தில் உயராதபடி நடுவில் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். இரண்டாம் கட்டம் முடிவதற்குச் சற்று முன் அவுட்புட்டை அளக்க வேண்டும். சராசரி எடுத்துவிடாதீர்கள்: பாதி நேரம் அவுட்புட் சுழியில் இருப்பதால் கெயின் ஏறக்குறைய 2 என்று காட்டும். பிறகு உள்ளீட்டை 0.11 வோல்ட்டாக்கி மறுபடி ஓட்டி, அவுட்புட் மாறிய அளவை 0.01-ஆல் வகுங்கள். சுவிட்ச் சிந்தும் மின்னூட்டமும் ஆப்செட்டும் (உள்ளீடு இல்லாமலே ஆப்-ஆம்ப் காட்டும் சிறு பிழை வோல்ட்டேஜ்) பெருமளவு கழிந்துவிடும்.

3.98-க்கும் கீழே வருகிறதா? கிளாக்கைப் பாதி வேகத்துக்குக் குறைத்துப் பாருங்கள். கெயின் ஏறினால் ஆப்-ஆம்ப் நிலைபெற நேரம் போதவில்லை. அப்படியே நின்றால் ஆப்-ஆம்ப்பின் கெயின் நீங்கள் நினைத்ததைவிடக் குறைவு, அல்லது நுழைமுனையில் கணக்கில் வராத ஒட்டுண்ணிக் கெப்பாசிட்டன்ஸ் (நாம் வைக்காமல் தானாகச் சேர்ந்துவிடுவது) இருக்கிறது.